முயலும் இரத்தக் குழாயும்: நிகோலாய் அனிச்கோவ் சரித்திரம்

க்ஷயரோகக் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக்கின் பெயரைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். நிகோலாய் அனிச்கோவ் என்னும் ருஷ்ய அறிஞரின் பெயரோ, வைத்திய நூல் பயில்வோர் அனைவர்க்கும் தெரிந்ததாயினும், பிறர் செவியில் விழுவது அரிது. ஆயினும் 1958-ஆம் ஆண்டில் வில்லியம் டாக் என்னும் அமெரிக்க வைத்தியர், அனிச்கோவின் கண்டுபிடிப்பைக் காக்கின் கண்டுபிடிப்போடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என்று எழுதினார். அது நிகழ்ந்ததோ 1913-இல். இடையே கழிந்தவை நாற்பத்தைந்து ஆண்டுகள். அவ்வளவு காலத்திலும் மாரடைப்பினால் மாண்டவர்களை முதுமையின் மேல் பழி போட்டே உலகம் அடக்கம் செய்து வந்தது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட ஓர் உண்மை இத்துணைக் காலம் கேட்பாரற்றுக் கிடந்தது எவ்வாறு என்பதே இவ்வறிஞரின் சரித்திரத்தில் நாம் சிறப்பாக நோக்கத்தக்கது.

அனிச்கோவ் 1885-ஆம் ஆண்டு, புதிய பஞ்சாங்கக் கணக்கின்படி நவம்பர் மாதம் 3-ஆம் நாள், ருஷ்யப் பேரரசின் தலைநகராயிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். தந்தையார் கல்வி இலாகாவில் உயர்பதவி வகித்தவர், குடும்பமும் செல்வாக்குடையது. இளைஞர் அனிச்கோவ் அந்நகரிலிருந்த இராணுவ வைத்தியக் கழகத்திற் சேர்ந்து பயின்று 1909-இல் தேறினார். நோயாளியின் படுக்கையருகே இருந்து மருந்து கொடுப்பதைவிட, நோய் உடலின் உள்ளே செய்துவைக்கும் மாறுதல்களை ஆராய்வதிலேயே அவர் மனம் சென்றது. கீல்வாதக் காய்ச்சலால் கெட்ட இருதயத்தின் தசையில் கம்பளிப் புழுவைப் போன்ற உட்கருவையுடைய ஒருவகை உயிரணுக்களை அவர் விவரித்தார். அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. இஃதொன்றே ஒருவரை நூலில் நிலைநிறுத்தப் போதுமானது. ஆனால் அவர் இதனோடு நின்றாரல்லர்.

இருதயத்தினின்றும் இரத்தத்தை உடலெங்கும் கொண்டு செல்லும் குழாய்களைத் தமனிகள் என்கிறோம். நல்ல நிலையில் அவற்றின் உட்புறம் பட்டுப்போல் வழுவழுப்பாயிருக்கும். வயது முதிர்ந்தோர் பலரிடத்தில் அவ்வுட்புறம் மஞ்சள் நிறக் கோடுகளும் திட்டுகளும் படிந்து, தடித்து, இறுகி, சிற்சில இடங்களில் சுண்ணாம்பேறிக் கிடக்கும். பிணத்தை அறுத்துப் பார்த்த வைத்தியர்கள் இதனை நெடுங்காலமாகக் கண்டு வந்தனர். ஜெர்மானிய அறிஞர் விர்கோ 1856-இல் இதனை ஒருவகை அழற்சியென விளக்கினார். பெரும்பாலோரோ தலை நரைத்தலும் பல் விழுதலும் போல இதுவும் மூப்பின் இயல்பு என்றிருந்தனர். இயல்பென்று ஒன்றை எண்ணிவிட்டால் அதற்குக் காரணம் தேடுவார் யார்?

1908-ஆம் ஆண்டில் அதே கழகத்தைச் சார்ந்த இக்னாதோவ்ஸ்கி என்பார் முயல்களுக்கு இறைச்சியும் பாலும் முட்டையும் ஊட்டிப் பார்த்தார். புல்லும் இலையுமே தின்று வாழும் அப்பிராணிகளின் தமனிகளில், மனிதரிடத்திற் காணப்படுவதை ஒத்த தடிப்புகள் தோன்றின. மாமிச உணவிலுள்ள புரதமே விஷமாகி முதுமையை விளைவிக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அவருக்குப் பின் ஸ்டுக்கி என்பவர் முயல்களைப் பிரித்து வைத்து, சிலவற்றிற்கு இறைச்சிச் சாற்றையும், சிலவற்றிற்கு முட்டையின் வெண்கருவையும், சிலவற்றிற்கு மஞ்சட் கருவையும் கொடுத்தார். புரதம் நிறைந்த வெண்கருவைத் தின்றவை நலமாயிருந்தன. மஞ்சட் கருவைத் தின்றவையே கெட்டன. மூளையை ஊட்டியபோதும் அவ்வாறே ஆயிற்று. ஆகவே புரதம் குற்றவாளியன்று என்பது தெரிந்தது. மஞ்சட் கருவிலும் மூளையிலும் பொதுவாயுள்ளது எது என்பதே எஞ்சிய கேள்வி. இதற்கிடையில் 1910-இல் ஜெர்மனியில் விண்டவுஸ் என்னும் இரசாயன அறிஞர் நோயுற்ற மனிதத் தமனிகளை எடுத்துப் பகுத்து நோக்கினார். கொழுப்பமிலத்தோடு கூடிய கொலஸ்டிரால் அவற்றில் வழக்கத்தினும் இருபது மடங்கு மிகுந்திருந்தது. கொலஸ்டிரால் என்பது மெழுகு போன்றதொரு பொருள். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் வேண்டுவதே. அது மஞ்சட் கருவிலும் மூளையிலும் மிகுதியாக உண்டு.

இந்நிலையில் அனிச்கோவும், செம்யோன் சலாதோவ் என்பாரும் சேர்ந்து இவ்வாராய்ச்சியில் இறங்கினர். அவர்கள் செய்த சோதனை மிக எளியது. எளிமையே அதன் சிறப்பு. முட்டை, பால் என்று பல பொருள் கலந்த உணவைக் கொடாமல், தூய்மை செய்த கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயிற் கரைத்து முயல்களுக்கு நாடோறும் ஊட்டினர். ஒப்பிட்டுப் பார்க்கும் பொருட்டு வேறு சில முயல்களுக்கு வெறும் சூரியகாந்தி எண்ணெயை மட்டும் கொடுத்தனர். சில மாதங்கள் சென்றன. எண்ணெய் மட்டும் உண்ட முயல்களின் தமனிகள் பழுதின்றி இருந்தன. கொலஸ்டிரால் உண்டவற்றின் தமனிகளிலோ, இருதயத்தை அடுத்த பெருந்தமனி தொடங்கி, மஞ்சள் நிறத் திட்டுகள் எழும்பியிருந்தன. 1913-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவர்களது கட்டுரை சில பக்க அளவினதே.

அனிச்கோவின் கண் அத்துடன் திருப்தியடையவில்லை. திட்டுகளை மெல்லிய தகடுகளாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தமனியின் உட்படலத்தில், வயிறு புடைத்தாற் போன்ற பெரிய உயிரணுக்கள் கூட்டங் கூட்டமாய்க் கிடந்தன. அவற்றினுள் சிறுசிறு கொழுப்புத் துளிகள் நிறைந்து, நுரையைப் போலத் தோன்றின. முனைவுபடுத்திய ஒளியில் அத்துளிகள் சிலுவை வடிவிற் பளபளத்தன. அது கொலஸ்டிரால் சேர்க்கையின் அடையாளம். அவ்வுயிரணுக்கள் இரத்தத்தினின்று வந்து குடியேறி, அழுக்கை விழுங்கித் துப்புரவு செய்யும் இனத்தைச் சார்ந்தவை என்று அவர் உணர்ந்தார். துப்புரவு செய்ய வந்தவர் அளவுக்கு மிஞ்சி விழுங்கி அங்கேயே மடிந்து, தாமே குப்பையாவது போன்றது அந்நிகழ்ச்சி. குழாயின் எவ்விடத்திலும் ஒரே அளவாய்த் திட்டு படியவில்லை என்பதையும், கிளைகள் பிரியும் இடங்களில் முந்திப் படிந்தது என்பதையும் அவர் குறித்து வைத்தார். இவையனைத்தும் பின்வந்த ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டனவேயன்றி மறுக்கப்படவில்லை.

1912 முதல் 1914 வரையில் அவர் ஜெர்மனியில் பிரைபர்க் நகரில் லூத்விக் ஆஷோப் என்னும் பேராசிரியரிடம் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அப்பேராசிரியர் தம் மாணவரின் கருத்தை முற்றும் ஏற்றுக்கொண்டு பிற நாடுகளிலும் பரப்பினார். 1914-இல் உலகப் போர் மூண்டது. ஆசிரியரும் மாணவரும் பகை நாட்டவராயினர். அனிச்கோவ் தாயகம் திரும்பி இராணுவ வைத்தியராகப் பணி செய்தார். அதன்பின் புரட்சி, அதன்பின் உள்நாட்டுப் போர், பஞ்சம். அவர் நகரத்தின் பெயரே பெத்ரோகிராத் என்றும், பின்னர் லெனின்கிராத் என்றும் மாறிற்று. அவர் அந்நகரை விட்டு வேற்று நாடு செல்லவில்லை. இராணுவ வைத்தியக் கழகத்திற் பேராசிரியராகவும், 1920 முதல் பரிசோதனை வைத்திய நிலையத்தில் ஆராய்ச்சித் தலைவராகவும் அமர்ந்து தம் முயல்களோடு வேலையைத் தொடர்ந்தார்.

நிற்க, உலகம் ஏன் கேளாதிருந்தது? மறுத்தவர்கள் எல்லாரும் அறிவிலிகள் அல்லர். அவர்கள் சொல்லியதற்கும் காரணம் உண்டு. பிற ஆராய்ச்சிச் சாலைகளில் எலிகளுக்கும் நாய்களுக்கும் கொலஸ்டிராலை ஊட்டிப் பார்த்தனர். அவற்றின் தமனிகளில் யாதொரு கேடும் நேரவில்லை. முயலோ இயற்கையிற் புல்லுண்ணும் பிராணி. கொலஸ்டிராலை அது தன் வாழ்நாளிற் கண்டதேயில்லை. அத்தகைய பிராணிக்கு அதனைத் திணித்து, அதன் இரத்தத்தில் கொலஸ்டிராலைப் பத்து மடங்குக்கும் மேலாக ஏற்றிவிட்டு, இதுவே மனிதருக்கும் நேர்வது என்று சொல்லலாமா என்று அவர்கள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குரிய விடையும் அச்சோதனைகளிலேயே அடங்கியிருந்தது. எலியும் நாயும் உண்ட கொலஸ்டிராலைப் பித்தநீரின் அமிலங்களாக மாற்றி எளிதில் வெளியேற்றி விடுகின்றன. ஆதலின் அவற்றின் இரத்தத்தில் அது பெருகுவதில்லை. இரத்தத்திற் பெருகாதபோது தமனியிற் படிவதெங்ஙனம்? இரத்தத்தின் நிலையை அளந்து பாராமல், ஊட்டியதையும் முடிவில் கண்டதையும் மட்டும் ஒப்பிட்டதே அவர்கள் செய்த பிழை. நாயின் தைராய்டுச் சுரப்பியை அடக்கி இரத்தத்திற் கொலஸ்டிரால் ஏறுமாறு செய்தபோது, நாய்க்கும் அந்நோய் உண்டாயிற்று. இது தெரிய வந்தது 1940-களின் பிற்பகுதியிலேதான்.

அனிச்கோவ் வாதப்போர் செய்யும் இயல்பினர் அல்லர். 1933-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கௌட்ரி என்பார் தொகுத்த பெருநூலில், இருபது ஆண்டு ஆராய்ச்சியின் பயனை ஓர் அதிகாரமாக எழுதிக் கொடுத்தார். கொலஸ்டிரால் ஒன்றே போதும் என்று அவர் அதிற் சாதிக்கவில்லை. இரத்த அழுத்தம், குழாய்ச் சுவரின் நிலை, உடலின் பிற கோளாறுகள் ஆகிய பலவும் கூடியே நோய் விளைகிறது என்றார். ஆனால் மற்றவை துணைக் காரணங்களே. கொலஸ்டிரால் இன்றி அந்நோய் தோன்றாது என்பதில் அவர் பின்வாங்கவில்லை. நோயைக் கருதி நம்பிக்கையிழந்தவர்க்கு அவர் கூறிய செய்தியும் ஒன்று உண்டு. கொலஸ்டிரால் ஊட்டுவதை நிறுத்திவிட்டுப் பல மாதங்கள் பொறுத்திருந்து பார்த்தபோது, திட்டுகளினின்று கொழுப்பு மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறியது. தழும்பு மட்டும் எஞ்சிற்று. மூப்பின் இயல்பாயின், நரைத்த மயிர் மீண்டும் கறுப்பதுபோல அது திரும்புமா? இதனைப் படித்தவர் பலர், பொருட்படுத்தியவர் சிலர்.

அவர் பெற்ற பட்டங்களை விரிக்க வேண்டுவதில்லை. 1939-இல் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினரானார். 1942-இல் ஸ்டாலின் பரிசு பெற்றார். போர்க்காலத்தில் வைத்திய சேவையின் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். 1946 முதல் 1953 வரை வைத்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராயிருந்தார். அறிஞர் தலைமை வகிப்பதற்கு அவை நல்ல ஆண்டுகள் அல்ல. 1950-இல் அக்கழகமும் விஞ்ஞானக் கழகமும் கூடி, பாவ்லோவின் கொள்கைக்குப் புறம்பானவர்கள் என்று சொல்லப்பட்ட அறிஞர்களைக் கண்டித்த கூட்டம் நடந்தது. அக்கழகத்தின் சரித்திரத்தில் அது புகழுக்குரிய ஏடன்று.

முயலின் வழக்குக்கு மனிதரிடத்திலிருந்து சாட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. அவற்றுள் மிகப் பழையது ஜாவாத் தீவிலிருந்து வந்தது. டி லாங்கன் என்னும் டச்சு வைத்தியர் 1916-இலேயே, சோறும் காய்கறியும் உண்ணும் ஜாவானியரின் இரத்தத்திற் கொலஸ்டிரால் குறைவென்றும், டச்சுக் கப்பல்களில் வேலை பார்த்து டச்சு உணவை உண்ட ஜாவானியருக்கு அது மிகுந்திருந்தது என்றும் எழுதினார். ஒரே இனத்தார், வேறுவேறு உணவு. ஆதலின் வேற்றுமை பிறப்பினால் ஆனதன்று. அச்செய்தி டச்சு மொழியில் வெளியானமையால் பலர் கண்ணிற் படவில்லை. 1940 முதல் 1945 வரை நார்வே நாடு ஜெர்மானியர் வசப்பட்டிருந்தபோது வெண்ணெயும் பாற்கட்டியும் முட்டையும் அருகின. இரத்த ஓட்ட நோய்களால் இறப்போர் தொகையும் அவ்வாண்டுகளில் தாழ்ந்து, போர் முடிந்ததும் உயர்ந்தது. போர்க்காலத்தில் வேறு பலவும் மாறின என்பது உண்மையே. ஆயினும் இது 1951-இல் வெளிவந்தபோது பலர் சிந்தித்தனர். 1953-இல் வந்த செய்தியோ இளைஞர்களை நேரே தொடுவது. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் படைவீரரின் இருதயங்களைச் சோதித்தனர். அவர்களின் சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருக்கு இருதயத் தமனிகளில் நோய் தொடங்கியிருந்தது. மூப்பின் இயல்பு என்ற வாதம் அத்துடன் வலியிழந்தது.

ஆயினும் அனிச்கோவின் முயலுக்கும் மனிதனுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அதனைத் தெளிவாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவில் மின்னசோட்டாச் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆன்சல் கீஸ். முயலின் இரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறுவது, அது உண்ட கொலஸ்டிராலினால். மனிதருட் பெரும்பாலோரிடம், உண்ணும் கொலஸ்டிரால் இரத்தத்தை மாற்றுவது சிறிதளவே. உடல் தன் ஆக்கத்தைக் குறைத்துச் சரிக்கட்டிக் கொள்கிறது. மனித இரத்தத்தில் அதனை மிகுதியாக ஏற்றுவது உணவிலுள்ள பூரிதக் கொழுப்பு. இக்காலப் பாடநூல்கள் இதனை நிறைவுற்ற கொழுப்பு என்பன. கொழுப்பமிலம் என்பது கரியணுக்களால் ஆன சங்கிலி. அச்சங்கிலியில் நீரகவணுக்கள் இடமில்லாதபடி நிறைந்திருப்பின் அது பூரிதம். இடம் ஒழிந்திருப்பின் அபூரிதம். பூரிதமானவை நெருங்கி அடுக்கிக்கொண்டு எளிதில் உறையும். வெண்ணெயும் மாட்டுக் கொழுப்பும் உறைந்திருப்பதும், நம் வீடுகளில் மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் கட்டியாவதும், நல்லெண்ணெய் அவ்வாறு ஆகாதிருப்பதும் இதனாலேயே. தாவரத்தினின்று வந்தமையால் தேங்காயெண்ணெய் இதற்கு விலக்கு என்று எண்ணுதல் தவறு. அதன் கொழுப்பில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்ட பங்கு பூரிதம். நல்லெண்ணெயில் அது 15 அளவே.

கீஸ் 1953-இல் ஆறு நாடுகளின் கணக்கை மட்டும் எடுத்துக் காட்டியபோது, இருபத்திரண்டு நாடுகளின் கணக்குக் கிடைத்தும் ஆறினை மட்டும் எடுத்ததேன் என்று 1957-இல் இருவர் கண்டித்து எழுதினர். கண்டனம் தக்கதே. ஆனால் உணவிற் பூரிதக் கொழுப்பை ஏற்றியும் இறக்கியும் இரத்தத்தை அளந்த சோதனைகள் நாடுகளின் கணக்கைச் சார்ந்தவையல்ல. அவை பல கைகளில் பல முறை ஒரே முடிவைத் தந்தன. வெண்ணெயை விலக்கி அபூரித எண்ணெயைக் கொண்டால் கொலஸ்டிரால் இறங்குகிறது. வெண்ணெயை விலக்கி அவ்விடத்தைச் சர்க்கரையாலும் மைதாவாலும் நிரப்பினால் இருதயத்திற்கு அதனால் வரும் நன்மை யாதுமில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. பூரிதங்களுள்ளும் வேற்றுமை உண்டு. ஸ்டியரிக் அமிலம் என்னும் ஒன்று கொலஸ்டிராலை உயர்த்துவதில்லை.

இவ்வாதங்கள் நடந்து கொண்டிருந்தபோதே, 1964 டிசம்பர் 7-ஆம் நாள், அனிச்கோவ் லெனின்கிராத்தில் எழுபத்தொன்பதாம் வயதிற் காலமானார். பூரிதக் கொழுப்பு இரத்தத்தை எவ்வழியாற் கெடுக்கிறது என்பதை அறிய அவர் உயிரோடிருக்கவில்லை. கொலஸ்டிரால் எண்ணெய்ப் பண்பினது. நீர்ப்பண்பினதாகிய இரத்தத்தில் தானாக மிதந்து செல்லாது. ஆதலின் புரத உறையிட்ட சிறு உருண்டைகளில் ஏறிச் செல்கிறது. அவற்றுள் ஒருவகையைக் குறையடர்த்திக் கொழுப்புப் புரதம் என்பர். கல்லீரலின் உயிரணுக்கள் தம் மேற்புறத்தில் கைபோன்ற வாங்கிகளை நீட்டி அவ்வுருண்டைகளைப் பிடித்து உள்ளிழுக்கின்றன. அமெரிக்காவில் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்னும் இருவர் 1970-களில் இவ்வாங்கியைக் கண்டறிந்து 1985-இல் நோபெல் பரிசு பெற்றனர். பூரிதக் கொழுப்பு மிகுந்த உணவு இவ்வாங்கிகளின் வேலையைத் தளர்த்துகிறது. பிடிக்கப்படாத உருண்டைகள் இரத்தத்திலேயே சுற்றித் திரிந்து, நாளடைவில் தமனிச் சுவரினுள் நுழைந்து சிக்குகின்றன. அங்கே அவை கெட்டதும், விழுங்கும் உயிரணுக்கள் வந்து அவற்றை விழுங்கி, அனிச்கோவ் கண்ட அதே நுரையணுக்களாகின்றன. பின்பு அத்திட்டின்மேல் நார்த்தோல் மூடுகிறது. அத்தோல் ஒருநாள் கிழியுமாயின், அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அதுவே மாரடைப்பு.

முயல்களின் கதைக்கும் ஒரு பின்னுரை உண்டு. ஜப்பானில் கோபே நகரில் வட்டனாபே என்னும் அறிஞர் 1973-இல், தம்மிடமிருந்த முயல்களுள் ஒன்றன் இரத்தத்தில் கொலஸ்டிரால் அளவுகடந்திருக்கக் கண்டு, அதன் சந்ததியைப் பெருக்கினார். அவ்வினத்து முயல்கள் மஞ்சட் கருவை உண்டதில்லை, மூளையை உண்டதில்லை, சாதாரண முயலுணவையே தின்று வந்தன. ஆயினும் அவற்றின் தமனிகளில், அனிச்கோவின் ஏட்டில் வரைந்தபடியே மஞ்சள் திட்டுகள் படிந்தன. அவற்றின் கல்லீரலில் அவ்வாங்கிகள் பிறப்பிலேயே பழுதுபட்டிருந்தன.